ஜென்செட்டைத் தூக்கிப் போடுமுன் வால்வைப் பாருங்கள்

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தல்தான். பல பந்தல்களில் விளக்கும் விசிறியும் பின்னால் ஓடும் ஒரு ஜென்செட்டை நம்பி இருக்கும். அது சரியாக ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், "செத்துப்போச்சு, புதுசு வாங்கிடலாம்" என்று பேச்சு வந்துவிடும். வாங்கப்போவது பக்தர்கள் கொடுத்த காசில். அதனால் முதலில் வால்வைப் பார்ப்போம்.

பரவலாகப் புழங்கும் ஹோண்டா ஜிஎக்ஸ்160 என்ஜினை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வேறு என்ஜின் என்றால் அளவுகளை அதன் கையேட்டில் பாருங்கள்.

ஏன் கெடுகிறது?

எக்ஸாஸ்ட் வால்வு எரிந்த வாயுவிலேயே குளிக்கிறது. அது தன் இருக்கையில் உட்காரும் நேரத்தில்தான் பெரும்பகுதி சூடு ஹெட்டுக்கு இறங்கும். நடுவில் கரி சிக்கினால் முழுசாக மூடாது. சூடு இறங்காது, சந்தில் பீறும் வாயு விளிம்பை அரித்துவிடும். நாள்பட ஓடினால் வால்வு இருக்கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அப்போது ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் உள்ள இடைவெளி குறையும். இடைவெளியே இல்லாமல் போனாலும் வால்வு மூடாது.

கயிறு லேசாக வருவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்த என்ஜினில் ஸ்டார்ட் செய்யும்போது எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே திறந்து வைக்கும் அமைப்பு உண்டு. கார்புரேட்டர் பக்கம் 'பட்' என்று வெடித்தால் இன்டேக் வால்வையும், சைலன்சரில் வெடித்தால் எக்ஸாஸ்ட் வால்வையும் சந்தேகப்படலாம்.

வேலை

1. என்ஜின் நன்றாக ஆறட்டும். பெட்ரோலை அடைத்து, பிளக் கேப்பைக் கழற்றுங்கள். வால்வு மூடியைத் திறந்து, கம்ப்ரெஷன் முடிவில் பிஸ்டனை மேலே நிறுத்துங்கள். ஃபீலர் கேஜில் இன்டேக் 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ. இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் அதிகம் சூடாகி நீள்வதால்தான் அதற்குக் கூடுதல் இடம். இதைச் சரி செய்தாலே சில என்ஜின்கள் பிழைத்துவிடும்.

2. பிழைக்கவில்லையா? ஹெட்டைக் கழற்றுங்கள். நான்கு போல்ட்டையும் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். புஷ்ராடுகளை எது எந்தப் பக்கம் என்று குறித்து வையுங்கள்.

3. வால்வுக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்து, ஸ்பிரிங் தட்டைக் கட்டைவிரலால் அழுத்தி ஓரமாகத் தள்ளினால் கழன்று வரும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் தெறிக்கும். எக்ஸாஸ்ட் தண்டின் உச்சியில் சின்ன மூடி ஒன்று இருக்கும், தொலைத்துவிடாதீர்கள்.

4. தண்டைக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டுங்கள். வளைந்திருந்தாலும், விளிம்பு எரிந்து ஓட்டை விழுந்திருந்தாலும் புது வால்வுதான். லேசான குழிகள் என்றால் தேய்க்கலாம்.

5. கரியைச் சுரண்டிவிட்டு, வால்வு முகத்தில் கிரைண்டிங் பேஸ்ட் கொஞ்சம் தடவுங்கள். ரப்பர் கப் குச்சியை ஒட்டி, மத்து கடைவதுபோல் உள்ளங்கைகளுக்கு நடுவே இப்படியும் அப்படியும் உருட்டுங்கள். அடிக்கடி தூக்கி, கால் சுற்றுத் திருப்பி வையுங்கள். அறுபடாத சாம்பல் நிற வளையம் தெரிந்ததும் நிறுத்துங்கள். அதிகம் தேய்த்தால் இருக்கை அகலமாகும். புதிதில் 0.8 மி.மீ., 2.0 மி.மீ. தாண்டினால் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

6. மண்ணெண்ணெய், பிறகு சோப்புத் தண்ணீர் விட்டு ஒரு துகள் இல்லாமல் கழுவுங்கள். மிச்சமிருக்கும் பேஸ்ட் சிலிண்டரையும் தின்றுவிடும்.

7. வால்வுகளை மாட்டி, போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிடம் பாருங்கள். மறுபக்கம் கசியவில்லை என்றால் வேலை தேறிவிட்டது. புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளைக் குறுக்காக 24 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, இடைவெளியை மறுபடி அளந்து வையுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது வெட்டவெளியில் மட்டும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. பந்தலுக்கும் இதே விதிதான்: பக்தர்கள் நிற்கும் பக்கம் சைலன்சர் திரும்பக் கூடாது.

ஆயுத பூசைக்குக் கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம் இல்லையா? அந்த வாரமே வால்வு இடைவெளியையும் அளந்துவிடுங்கள். சாமான் வாங்க வேண்டியிருந்தாலும் தைப்பூசத்துக்கு இன்னும் மூன்று நான்கு மாதம் கையில் இருக்கும். செய்யும்போது தம்பி தங்கைகள் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அடுத்த வருடம் அவர்கள் செய்யட்டும்.