ஊர்ப் பெயர் பெற்ற ரொட்டிக்கடைப் பண்டங்கள்

காஞ்சிபுரம் பட்டு, காரைக்குடிக் கண்டாங்கி, மதுரைச் சுங்குடி என்று சொன்ன அளவிலேயே வாங்குவோர் ஊரையும் தரத்தையும் ஒருங்கே எண்ணுகின்றனர். துணிக்கு உள்ள இந்தச் சிறப்பு ரொட்டிக்கடைப் பண்டங்களுக்கும் உண்டு. ஊரின் பெயர் ஒரு பண்டத்தோடு எவ்வாறு ஒட்டிக்கொள்கிறது, ஒட்டிக்கொண்ட பின் அதனால் வரும் ஆதாயம் யாரைச் சேர்கிறது என்னும் இரு வினாக்களையும் இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். தறிக்காரருக்கும் பயிரிடுவோருக்கும் ரொட்டிக்கடை எதற்கு என்று ஐயுறும் அங்கத்தினர்கள், கட்டுரையின் பிற்பகுதி வரை பொறுத்தருள வேண்டும்.

முதல் வினாவிற்குத் தொலைவிலுள்ள நார்வே நாடு தெளிவான விடை தருகிறது. குளிர் மிகுந்த அந்நாட்டின் பெரும்பகுதியில் கோதுமை எளிதில் விளைவதில்லை; வாற்கோதுமையும் ஓட்ஸும் விளைந்தன. அம்மாவு நன்றாக உப்பாது. ஆகவே குடியானவர்கள் அதை மெல்லிய தகடாகத் தேய்த்துப் பெரிய இரும்புக் கல்லின்மேல் சுட்டனர். ஆண்டுக்குச் சில முறை மட்டும் சுட்டுக் களஞ்சியத்தில் அடுக்கி வைத்தால் பல மாதம் கெடாது. நம் வீடுகளில் அப்பளம் இட்டு வைப்பது போன்ற ஏற்பாடு எனலாம். உருளைக்கிழங்கு பரவியதும், அதை மசித்து மாவுடன் பிசைந்த மிருதுவான 'லெஃப்சா' தோன்றிற்று. இதுவே ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு உரு எடுத்தது. வடபகுதியிலுள்ள சால்டன் வட்டாரத்தார், பால் தெளிவைக் காய்ச்சிச் சுண்டவைத்த பழுப்புநிறப் பாலாடைக்கட்டியைக் குழம்பாக்கி லெஃப்சாவினுள் இட்டு மடித்து உண்கின்றனர். பெர்கன் துறைமுகத்தில் இலவங்கப்பட்டை தூவிச் சுருட்டிய ஒரு பன் உண்டு. ஒரு 'ஷில்லிங்' காசுக்கு விற்றமையால் அக்காசின் பெயரே அதற்கு நிலைத்தது. காசு 19-ஆம் நூற்றாண்டிலேயே வழக்கொழிந்தது. பன் மட்டும் இன்றும் விற்பனையாகிறது. மேற்குக் கரையில் படகுப் பயணிகளுக்கு மோர் கலந்த மாவில் சுட்டுத் தரும் தடித்த அடையோ, அப்பகுதிப் படகுகளின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

இவற்றிற்கெல்லாம் வெண்ணெயும் பாலாடையும் வேண்டும் அன்றோ? அந்நாட்டின் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை 1856-ஆம் ஆண்டு ரௌஷோடாலன் என்னும் மலைப்பகுதியில் ஏற்பட்டது. நம் ராயபுரத்தில் ரயில் நிலையம் திறக்கப்பெற்ற ஆண்டும் அதுவே. இன்று அங்கே மிகப் பெரிய பால் நிறுவனமாக விளங்கும் 'டீனே' பால் உற்பத்தியாளர்களுக்கே சொந்தமான கூட்டுறவு அமைப்பாகும். அடுப்பு ரொட்டிக்காரரிடம் இருப்பினும், அதற்குரிய சரக்கு குடியானவரின் சங்கத்திலிருந்து செல்கிறது என்பதை அங்கத்தினர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். தூத்துக்குடி மக்ரூன் துறைமுகம் பெற்றெடுத்த பண்டம். ஐரோப்பாவில் இது வாதுமைப் பருப்பில் செய்யப்படுவது. போர்ச்சுக்கீசியரும், 1658-இல் அவர்களை வென்ற டச்சுக்காரரும், பின்னர் ஆங்கிலேயரும் ஆண்ட அந்நகரில், வாதுமையின் இடத்தை முந்திரி பிடித்துக்கொண்டது. அந்த முந்திரியும் பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொணர்ந்ததே என்பது வேடிக்கை. முட்டையின் வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையும் முந்திரித் தூளும் சேர்த்து, காகிதக் கூம்பிலிட்டுத் தட்டில் கூம்பு கூம்பாகப் பிழிவர். பின்பு இளஞ்சூட்டில் நெடுநேரம் வைத்து உலர்த்துவர். இதில் மாவோ நெய்யோ சிறிதும் இல்லை. வேலை முழுவதும் கைப்பக்குவமும் சூட்டின் அளவுமே. நுரை தளர்ந்தால் பண்டம் பரந்துவிடும், சூடு மிகுந்தால் நிறம் மாறிவிடும். உலர்ந்த மக்ரூன் ஈரக்காற்றை உறிஞ்சி நமர்த்துப் போவதால் டப்பியில் இறுக மூடி வைக்க வேண்டும்.

நீலகிரியின் வர்க்கி இதற்கு நேர்மாறானது. மைதாவைப் புளிக்கவைத்து, கொழுப்புத் தடவி மடித்து, அடுக்கடுக்காக விறகு அடுப்பில் முறுகச் சுடுகின்றனர். அம்மலையின் குளிரும் அதன் பக்குவத்தில் பங்கு கொள்கிறது. சென்னைத் தேநீர்க் கடைகளில் நனைத்துத் தின்னும் பொறை இதே இனத்தைச் சேர்ந்ததே. எனினும் வட சென்னையின் பொறைக்கு ஊர்ப் பெயர் எதுவும் அமையவில்லை. சுவையில் அதற்குக் குறைவு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை!

இப்பொழுது இரண்டாம் வினாவை நோக்குவோம். காலடிப்பேட்டை அங்கத்தினர்களுக்கு இது புதிதன்று. 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றி அமைத்த பேட்டையாதலின், 'காலெட் பேட்டை' என்பது மருவி இப்பெயர் ஆயிற்று. நெய்தவர் இங்கிருந்தனர், துணி கம்பெனியின் சரக்காகக் கப்பலேறிற்று. ஊரின் பெயரைத் துணியின்மேல் தமக்கென நிலைநாட்டிக்கொள்ள நெய்தவருக்கு அந்நாளில் வழி ஏதும் இல்லை.

இன்று வழி உண்டு. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பெற்று 2003-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவகமும் சென்னையிலேயே இருக்கிறது. குறிப்பிட்ட வட்டாரத்தின் பண்டத்திற்கு உரிய பெயரை உற்பத்தியாளர் அமைப்பு பதிவு செய்துகொள்ளலாம். தனி முதலாளி ஒருவர் தமக்கென்று பெற முடியாது. பதிவு பத்தாண்டுக்குச் செல்லும். பின்னர்ப் புதுப்பிக்க வேண்டும். இப்பெயரை விற்கவோ, அடமானம் வைக்கவோ சட்டம் இடந்தரவில்லை. கடன் சுமையில் தறியை விற்கும் நிலை வந்தாலும் பெயர் கைமாறாது என்பது இதன் பெருஞ்சிறப்பு.

ஆனால் விண்ணப்பித்தவர் யார் என்பதில் வேற்றுமை மிகுதி. பழனிப் பஞ்சாமிர்தத்திற்கு 2019-இல் பெற்ற பதிவு திருக்கோயிலின் பெயரில் உள்ளது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் பதிவு பெற்றது தயாரிப்பாளரும் விற்பனையாளரும் சேர்ந்த சங்கம். கரிசல் மண்ணின் நிலக்கடலையே அம்மிட்டாயின் சிறப்பு என்று எடுத்துக் காட்டப்பட்டிருந்தும், அது கடலை விளைவிப்போரின் சங்கம் அன்று. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் பதிவு பெற்றதோ பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கம். மாட்டைக் கறப்பவரே பெயருக்கும் உரியவராக இருக்கும் இந்த ஏற்பாடே நம் கருத்தில் மூன்றினுள் மேலானது. அதே ஆண்டில் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் பதிவு பெற்றதும் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு சங்கமே.

பதிவோடு வேலை முடிந்தது என்று பல இடங்களில் எண்ணிவிடுகின்றனர், இது தவறு. சங்கம் பதிவு பெற்ற உரிமையாளர் ஆனாலும், பெயரைப் பயன்படுத்தும் உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' எனத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். அவ்வாறு பதிந்தவரே போலிச் சரக்கின்மேல் வழக்குத் தொடரவும், குறியீட்டு முத்திரையை இடவும் தகுதி பெறுகிறார். ஆகவே, பெயர் பெற்ற சரக்கை உற்பத்தி செய்யும் சங்கங்கள் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில், தம் அங்கத்தினர்களில் எத்தனை பேர் இவ்வாறு பதிந்துள்ளனர் என்று கணக்கெடுத்து நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் நலம். கடலையோ முந்திரியோ பாலோ பிறருக்கு விற்கும் சங்கங்கள், வாங்குவோர் எந்த ஊர்ப் பெயரில் பண்டத்தை விற்கின்றனர் என்பதையும், அப்பெயரின் பதிவு யாரிடம் உள்ளது என்பதையும் விலை பேசுவதற்கு முன்னரே கேட்டு அறிந்துகொள்க.