மலைப் பூங்காவில் முகாம்: புறப்படுமுன் எழுதவேண்டிய தாள்

மேற்குச் சிட்னியில் வாழும் நம் குடும்பங்கள் பல, பாடசாலை விடுமுறையில் புளூ மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவில் கூடாரம் அடித்து ஓரிரு இரவுகள் தங்கிவர விரும்புகின்றன. இப்பூங்கா, 2000ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மலைப்பிரதேசத்தின் ஒரு பகுதியாகும். தாருக், குண்டுங்குரா உள்ளிட்ட முதற்குடி மக்களின் மரபுவழி நிலமுமாகும். நகருக்கு அண்மையில் இருப்பதாலேயே அங்கு ஆயத்தமின்றிச் செல்வது எளிதாகிவிடுகிறது.

இப்பாடத்தைப் படித்து முடித்தபின், பயணத் தாள் ஒன்றை எழுதவும், தீ தொடர்பான விதிகளை விளங்கிக்கொள்ளவும், அவசர வேளையில் தமிழிலேயே உதவி கோரவும் உங்களால் இயலவேண்டும்.

1. இடமும் காலமும்

சிறு பிள்ளைகளுடன் முதன்முறை செல்வோருக்கு, க்ளென்புரூக் அருகிலுள்ள யூரோக்கா முகாமிடம் பொருத்தமானது. வாகனத்திலேயே சென்றடையலாம். இடத்தை முன்கூட்டியே பதிவுசெய்தல் வேண்டும். பூங்காவினுள் நுழையும் வாகனத்திற்கும் கட்டணம் உண்டு. பூங்காவின் நுழைவாயில் இரவில் பூட்டப்படும். கடும் மழையின்போது ஓடையைக் கடக்கும் தாழ்பாதை மூடப்படும். ஆகையால் பகலிலேயே சென்று சேருங்கள். குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டுசெல்லுங்கள். செல்லப் பிராணிகளுக்குத் தேசியப் பூங்காவில் அனுமதி இல்லை.

க்ளென்புரூக் மலையடிவாரத்தை ஒட்டியது. பிளாக்ஹீத்தோ கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேல் உயரத்தில் உள்ளது. மேலே செல்லச் செல்லக் குளிர் கூடும். ஜூன் மாதத்தில் மாலை 5 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். பள்ளத்தாக்கின் அடியில் அதற்கு முன்னரே வெளிச்சம் குன்றும்.

2. பயணத் தாள்

நம்மவர் விடைபெறும்போது ‘போகிறேன்’ என்பதில்லை, ‘போய்வருகிறேன்’ என்பர். புறப்படுபவரை ‘எங்கே?’ என்று கேட்பதும் நம் வீடுகளில் வழக்கமன்று. இவ்வழக்கங்கள் அன்பின்பாற்பட்டவை. ஆயினும் ‘போய்வருகிறேன்’ என்னும் சொல்லில் திரும்பி வருவோம் என்ற உறுதி உண்டே தவிர, வரும் நேரம் இல்லை. போகும் இடமும் இல்லை. உரிய நேரத்தில் ஒருவர் திரும்பாதபோது, எங்கே தேடுவது, எப்போது தேடத் தொடங்குவது என்னும் இரண்டு வினாக்களுக்கும் வீட்டில் உள்ளவர்களிடம் விடை இராது.

பயணத் தாள் அக்குறையை நிரப்புகிறது. அதில் பின்வருவனவற்றை எழுதுங்கள்:

• செல்பவர்களின் பெயர், வயது, நோய், உட்கொள்ளும் மருந்து
• வாகனத்தின் பதிவிலக்கம், நிறம், நிறுத்தும் இடம்
• முகாமிடத்தின் பெயர். நடக்கவிருக்கும் பாதையின் பெயர்
• திரும்பும் நாளும் மணியும்
• எந்த மணிக்குள் உங்களிடமிருந்து செய்தி வராவிடில் பொலிசாரை அழைக்கவேண்டும் என்பது

இத்தாளைப் பயணத்தில் சேராத, பொறுப்புள்ள ஒருவரிடம் கொடுங்கள். ‘பயண நோக்கப் படிவம்’ ஒன்றை இணையத்தின் வழியாகவும் நிரப்பலாம். ஆனால் படிவத்தை நிரப்பியதாலேயே எவரும் உங்களைத் தேடி வந்துவிடமாட்டார்கள். நேரம் கடந்ததைக் கவனித்துப் பொலிசாருக்கு அறிவிக்கவேண்டியவர் நீங்கள் குறிப்பிட்ட அந்த நபரே. பெற்றோர் கலங்குவர் என்று அஞ்சினால், தாளை நண்பரிடமோ அயலவரிடமோ கொடுக்கலாம். எவரிடமும் கொடுக்காதிருத்தல் கூடாது.

ஒருவர் காணாமற்போனால் 24 மணி நேரம் கழிந்த பின்னரே முறைப்பாடு செய்யலாம் என்று நம்மவர் பலர் கருதுகின்றனர். அது தவறு. காத்திருக்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. உயிருக்கு ஆபத்து என்று அஞ்சினால் உடனே 000 எண்ணை அழைக்கலாம்.

திட்டம் மாறினால் தாளை வைத்திருப்பவருக்கு முதலில் அறிவியுங்கள். அறிவிக்க வழியில்லையெனில், எழுதிய பாதையை விட்டு விலகாதீர்கள். திரும்பியதும் வந்து சேர்ந்த செய்தியைத் தெரிவியுங்கள்.

3. கைத்தொலைபேசி எட்டாத இடத்தில்

பள்ளத்தாக்குகள் பலவற்றில் கைத்தொலைபேசி இணைப்புக் கிடைப்பதில்லை. 000, 112 ஆகிய அழைப்புகள் எந்த நிறுவனத்தின் வலையமைப்பு வழியாகவும் செல்லக்கூடியவை. எனினும் எந்த வலையமைப்பும் எட்டாத இடத்தில் இரண்டுமே பயன்படா.

நடைபாதைகளில் நெடுந்தூரம் செல்வோர், தனிநபர் அபாய அறிவிப்புக் கருவி ஒன்றை உடன் கொண்டுசெல்லவேண்டும். அதன் சமிக்ஞை செய்மதி வழியாகக் கன்பராவிலுள்ள மீட்பு ஒருங்கிணைப்பு நிலையத்தைச் சென்றடைகிறது. புளூ மவுண்டன்ஸ் பகுதியில் இக்கருவியை இலவசமாக இரவல் பெறலாம். பிளாக்ஹீத்திலுள்ள பூங்கா வருகையாளர் நிலையத்தில் முன்னதாகவே விசாரியுங்கள்.

4. தீ: விதியும் காரணமும்

நியூ சவுத் வேல்ஸில் காட்டுத்தீ அபாயக் காலம் பொதுவாக ஒக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை நீடிக்கிறது. தீ அபாய நிலை நான்கு படிகளில் அறிவிக்கப்படும்: மிதமானது, அதிகம், மிகத் தீவிரம், பேரழிவு. இறுதி இரண்டு படிகளுள் ஒன்று அறிவிக்கப்பட்டால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். முற்பதிவுக் கட்டணத்தை இழக்க நேர்ந்தாலும் அது சிறிய இழப்பே.

‘முழுத் தீத் தடை’ அறிவிக்கப்பட்ட நாளில் விறகு, கரி முதலியவற்றால் வெளியிடத்தில் தீ மூட்டுவது குற்றமாகும். வாயு அடுப்புக்கும் நிபந்தனைகள் உண்டு. இதனோடு, பூங்கா நிர்வாகம் தனியாகவும் தடை விதிக்கலாம். ஒரு தடை இல்லை என்பதால் மற்றதும் இல்லை என்று கொள்ளலாகாது. இரண்டையும் புறப்படும் நாளிற் சரிபார்த்தல் வேண்டும்.

தடையற்ற நாளிலும், அதற்கென அமைத்த இடத்தில் மட்டுமே தீ மூட்டலாம். பூங்காவினுள் விறகு பொறுக்கக் கூடாது. விழுந்து கிடக்கும் மரமும் சிற்றுயிர்களின் உறைவிடமாகும். தீயை நீர் ஊற்றி அணையுங்கள், மணலால் மூடாதீர்கள். மணலின் கீழ்த் தணல் நெடுநேரம் சூடாகவே இருக்கும். மறுநாட் காலை அதன்மீது வெறுங்காலுடன் ஓடிவரும் பிள்ளைக்கு அது தெரியாது.

5. கூடாரத்தினுள் கரியடுப்பு வேண்டாம்

இப்பாடத்தில் ஒன்றை மட்டுமே நினைவில் வைக்கமுடியுமெனில், இதனை வையுங்கள். இறைச்சி சுட்ட அடுப்பில் எஞ்சிய தணலைக் குளிருக்காகக் கூடாரத்தினுள்ளோ வாகனத்தினுள்ளோ கொண்டுசெல்வது உயிரைப் பறிக்கக்கூடிய செயல். கரியிலிருந்து வெளிவரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சுவாலை அடங்கிய பின்னரும் அது வெளிவந்துகொண்டே இருக்கும். விழித்திருப்பவருக்குத் தலைவலியும் மயக்கமும் குமட்டலும் தோன்றலாம். உறங்குபவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடையாது. வாயு அடுப்பையும் கூடாரத்தினுள் எரிக்கக் கூடாது. கூடாரத்தின் வாயிலைச் சிறிது திறந்து வைப்பது போதிய பாதுகாப்பாகாது. குளிருக்குத் தடித்த உறக்கப் பையும், தரைக்கும் உடலுக்கும் இடையே விரிப்பும், கம்பளித் தொப்பியுமே தீர்வு.

6. தமிழில் உதவி கோருதல்

000 எண்ணை அழைத்து, ‘பொலிஸ்’, ‘ஃபயர்’, ‘அம்புலன்ஸ்’ என்பவற்றுள் தேவையானதைச் சொல்லுங்கள். இணைப்புக் கிடைத்ததும் ‘டமில்’ என்று கூறி, தொடர்பைத் துண்டிக்காமல் காத்திருங்கள். மொழிபெயர்ப்பாளர் ஒழுங்கு செய்யப்படுவார். உங்களுடன் தங்க வந்திருக்கும் தாய் தந்தையரும் இதனை ஒருமுறை சொல்லிப் பழகுதல் நன்று. அவசரமற்ற விசாரணைகளுக்கு 131 450 என்னும் எண்ணில் மொழிபெயர்ப்புச் சேவையைப் பெறலாம்.

குடும்பமாக அமர்ந்து விடை காணவேண்டிய வினாக்கள்

• நம் பயணத் தாள் யாரிடம் உள்ளது? எத்தனை மணிக்கு அவர் பொலிசாரை அழைப்பார்?
• நாளைய தீ அபாய நிலை என்ன? தடை ஏதும் உண்டா?
• இரவில் குளிர்ந்தால் என்ன செய்வோம்? என்ன செய்யமாட்டோம்?
• வாகனம் ஓட்டுபவர் நோயுற்றால், வேறு யார் ஓட்டுவார்? யார் 000ஐ அழைப்பார்?

இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை இல்லையெனில், விடை கண்டபின் புறப்படுங்கள்.