கிரியோல் மொழிகளில் முகமன்

வெவ்வேறு மொழி பேசுவோர் ஓரிடத்தில் கூடி வாழ நேரும்போது, அவர்களின் பேச்சு கலந்து ஒரு பொதுப்பேச்சு தோன்றுவதுண்டு. அது அடுத்த தலைமுறைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியாகிவிடின், அதனைக் 'கிரியோல்' என்பர். தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்க மக்களின் நாவிலேயே பல கிரியோல் மொழிகள் பிறந்தன.

கரீபியன் கடலிலுள்ள ஹெய்ட்டி நாட்டு மக்கள் காலையில் 'போன்ஜூ' என்றும், நண்பகலுக்குப் பின் 'போன்ஸ்வா' என்றும் முகமன் கூறுவர். நாட்டுப்புறத்தில் பிறர் வீட்டிற்குச் செல்பவர், வாயிலில் நின்று 'ஓனே' எனக் குரல் கொடுப்பார். வீட்டார் 'ரெஸ்பே' என விடையிறுப்பர். முன்னதற்குப் 'பெருமை' என்றும், பின்னதற்கு 'மதிப்பு' என்றும் பொருள். மதிப்பு மறுக்கப்பட்டு வாழ்ந்தோரின் வழித்தோன்றல்கள், ஒருவருக்கொருவர் முதலில் வழங்குவது மதிப்பையே.

ஜமைக்கா மக்கள் 'வா குவான்' என்பர், 'என்ன நடக்கிறது?' என்பது அதன் பொருள். குராசோ தீவின் பாப்பியமென்டு மொழியில் காலையில் 'போன் தியா', பிற்பகலில் 'போன் தார்தி', இரவில் 'போன் நோச்சி' என்பர்.

இந்தியப் பெருங்கடலிலுள்ள மொரீசியசில் 'போன்ஸூர்' என்பது வணக்கம், 'கி மான்யேர்?' என்பது நலம் வினவும் சொல். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிப் பகுதியிலிருந்து அங்குக் கைவினைஞர்களை அழைத்துச் சென்றனர். பின்னர்த் தமிழர் பலர் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்றனர். அவர்களின் வழிவந்தோருள் பலர் இன்று வீட்டில் கிரியோல் பேசுகின்றனர்; தமிழைப் பள்ளியில் விருப்பமொழியாகக் கற்கின்றனர். அந்நாட்டுப் பணத்தாள்களில் தமிழ் எழுத்துகளும் இடம்பெற்றுள்ளன.

கிரியோல் மொழிகளைச் 'சிதைந்த பேச்சு' எனப் பலர் நெடுங்காலம் இகழ்ந்தனர். எனினும் அவற்றுக்குத் தனி இலக்கணம் உண்டு. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி ஹெய்ட்டியில் கிரியோல், பிரெஞ்சு மொழியுடன் ஆட்சிமொழியாயிற்று. மொரீசியசுப் பள்ளிகளில் 2012 முதல் கிரியோலும் பாடமாயிற்று. வீட்டில் பேசும் மொழி எதுவாயினும், அதனைப் பேச நாணுதல் வேண்டா.

சொற்பொருள்
முகமன் – வரவேற்புச் சொல்
விடையிறுத்தல் – பதில் கூறுதல்
வழித்தோன்றல் – பின்வந்த தலைமுறையினர்
நாணுதல் – வெட்கப்படுதல்

பொருத்துக
1. ஓனே – அ. குராசோ
2. வா குவான் – ஆ. மொரீசியசு
3. போன் தார்தி – இ. ஹெய்ட்டி
4. கி மான்யேர் – ஈ. ஜமைக்கா

விடை எழுதுக
1. ஒரு பொதுப்பேச்சு எப்போது கிரியோல் எனப்படுகிறது?
2. 'ஓனே', 'ரெஸ்பே' ஆகிய சொற்கள் ஹெய்ட்டி மக்களின் எப்பண்பைக் காட்டுகின்றன?
3. மொரீசியசில் தமிழ் வழங்குவதற்குக் காரணம் யாது?

செயல்பாடு
விருந்தினரை உம் தாத்தா பாட்டி எச்சொற்களால் வரவேற்பர்? நீர் வாழும் மாநிலத்தின் மொழியில் எவ்வாறு வரவேற்பர்? இரண்டையும் கேட்டறிந்து தமிழ் எழுத்தில் எழுதுக.