மின்சாரப் பில்லும் குடும்பச் சிக்கனமும்



அலோர் ஸ்டாரிலும் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் கடை நடத்தும் நாம், ஒரு மூட்டை அரிசியில் எத்தனை காசு நிற்கும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். ஆனால் நம் வீட்டுக் குளிர்பெட்டி மாதம் எத்தனை வெள்ளி தின்கிறது என்று யாரேனும் கேட்டால் விழிக்கிறோம். பேரேட்டில் ஏறாத செலவு சொல்லாமல் பெருகும் என்பது வியாபாரம் அறிந்த யாவருக்கும் தெரிந்ததே. ஆதலின் இம்முறை மின்சாரச் செலவையே பாடமாக எடுத்துக்கொண்டோம்.

முதற் பாடம்: கூரை

கெடாவின் பழைய கடைவீடுகளைப் பாருங்கள். உயர்ந்த கூரை, நடுவே வானம் பார்த்த முற்றம், வாசலில் வெயிலை மறைக்கும் அஞ்சடி. காற்று தானே வந்து தானே போகும்படி கட்டினார்கள். இன்று நாம் கடன் பட்டு வாங்கும் தாமான் வீடுகளில் தாழ்ந்த கூரையும், மேற்கு வெயிலில் காயும் சுவருமே பெரும்பாலும் வாய்க்கின்றன. வெப்பத்தை உள்ளே வரவிட்டு, பின் அதை வெளியேற்றக் குளிர்சாதனத்துக்குப் பணம் கட்டுகிறோம். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

வடமாநில வெயில் லேசானதல்ல. நம் அண்டை மாநிலமான பெர்லிசின் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9-ஆம் நாள் வெப்பம் 40.1 பாகை செல்சியஸைத் தொட்டது. எனவே கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்கும் விரிப்பு, மேற்குச் சன்னலுக்குப் பந்தல், சுவருக்கு வெளிர்நிறச் சாயம், முடிந்தால் ஒரு மரம், இவையே முதற் செலவாக இருக்கட்டும். இவை ஒருமுறை செலவு. பில்லோ மாதந்தோறும் வருவது.

இரண்டாம் பாடம்: பில்லைப் படித்தல்

2025 ஜூலை 1 முதல் தீபகற்பத்தில் புதிய கட்டண முறை வந்தது. அதன்படி சாதாரண வீட்டுக்கு உற்பத்தி, கொள்திறன், கம்பிவழிக் கட்டணம் மூன்றும் சேர்ந்து யூனிட்டுக்கு ஏறக்குறைய 44 காசு என்று வைக்கப்பட்டது. மாதம் 1000 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்குக் கழிவு உண்டு; செலவு குறையக் குறைய யூனிட்டுக்குரிய கழிவும் கூடும். 600 யூனிட்டைத் தாண்டினால் 10 வெள்ளி தனிக் கட்டணம் சேரும். 1500-ஐத் தாண்டினால் வீதமே உயரும். ஆகவே எல்லைக்கு அருகில் நிற்கும் வீட்டில் சில யூனிட் குறைத்தாலும் பலன் இரட்டிப்பாகும். கடைக்கு வீதம் வேறு. கணக்குப் பார்க்கும் முறை ஒன்றே.

மூன்றாம் பாடம்: வாங்கும் விலையும் ஓட்டும் விலையும்

குளிர்பெட்டி, குளிர்சாதனம், மின்விசிறி முதலியவற்றில் எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திரச் சீட்டு ஒட்டியிருக்கும். ஐந்து நட்சத்திரம் மிகச் சிக்கனமானது. ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பதும் அதிலேயே உண்டு.

ஓர் உதாரணம். 1200 வெள்ளிக் குளிர்பெட்டி ஆண்டுக்கு 500 யூனிட் எடுக்கிறது. 1500 வெள்ளிக் குளிர்பெட்டி 300 யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 200 யூனிட். யூனிட்டுக்கு 44 காசு என்றால் ஆண்டுக்கு 88 வெள்ளி மிச்சம். அதிகம் கொடுத்த 300 வெள்ளி மூன்றரை ஆண்டுக்குள் திரும்பிவிடும். அதன் பிறகு வருவதெல்லாம் ஆதாயம். பத்தாண்டு உழைக்கும் பொருளை ஒருநாள் விலை பார்த்து வாங்குவது வியாபாரிக்கு அழகாகுமா?

நான்காம் பாடம்: ஸ்மார்ட் கருவிகள்

ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீட்டார் தங்கள் அன்றாடச் செலவைக் கைப்பேசியிலேயே காணலாம். இது நமக்குக் கிடைத்த நாளேடு. நேரத்துக்கேற்ற கட்டணத் திட்டத்தில் சேர்வோருக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை விலை கூடுதல். மற்ற நேரம் குறைவு. கடை அடைத்து இரவு பத்துக்கு மேல் துணி துவைக்கும் குடும்பத்துக்கு இது ஒத்துவரலாம். பிற்பகல் முழுதும் குளிர்சாதனம் ஓடும் வீட்டுக்கு நட்டமும் ஆகலாம். கணக்குப் பார்த்த பின்னரே சேர்க.

ஆள் நடமாட்டம் கண்டு எரியும் விளக்கு, நேரம் குறித்து நிற்கும் சுவிட்சு ஆகியவை கிட்டங்கிக்கும் மாடிப்படிக்கும் நல்லவை. ஆனால் பெருமைக்காக வாங்கும் கருவி எதையும் மிச்சப்படுத்தாது. குளிர்சாதனத்தை 24 பாகையில் வைப்பதற்கும், குளிர்பெட்டிக் கதவின் ரப்பர் பிய்ந்திருந்தால் மாற்றுவதற்கும், அதன் பின்புறத் தூசியைத் துடைப்பதற்கும் புதிய கருவி எதுவும் தேவையில்லை.

சிக்கனம் எது, கருமித்தனம் எது?

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். கடை மாடியில் தகரக் கூரையின் கீழ் நம் பணியாளர்கள் உறங்குகிறார்கள். பில் கூடியது என்று அவர்களின் மின்விசிறியை நிறுத்துவது சிக்கனமன்று. அது பிறர் உரிமையில் கை வைப்பது. அதே கூரைக்கு வெப்பத் தடுப்பு விரித்தால் அவர்களும் நன்றாக உறங்குவார்கள், நம் பில்லும் இறங்கும். வீட்டில் முதிய தாய் தந்தையர் அறைக்கும் இதுவே நியாயம். ஓடும் ஆற்றங்கரையில் உளுச் செய்தாலும் தண்ணீரை விரயம் செய்யலாகாது என்று கற்ற சமுதாயம் நாம். விரயத்தை விலக்கிய அதே மார்க்கம்தான் பணியாளரின் உரிமையையும் நமக்குக் கற்பித்தது.

ஆகவே இம்மாதமே மூன்று காரியம் செய்வோம். கடந்த ஆறு மாதப் பில்களை எடுத்து யூனிட்டை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதுவோம். மிகுதியாக இழுக்கும் பொருள் எது என்று கண்டுபிடிப்போம். மிச்சமாகும் தொகையைத் தனியே ஒதுக்கி, பிள்ளைகளின் படிப்புக்கென்று வைப்போம். பில்லில் இறங்கிய பணம் வேறு செலவில் கரைந்துவிட்டால் பாடம் பாதியில் நின்றதாகும்.

நம் முயற்சியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.