வேர் சிகிச்சைக்குப் பின் பல்லுக்கு ஏற்ற காப்பு எது?

சுந்தரபாண்டியபுரத்திலிருந்து தென்காசிக்குப் பஸ் ஏறிச் சென்று, இரவெல்லாம் உறங்கவிடாத கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டு திரும்புகிறவர்களில் பலர், வலி நின்றதும் காரியம் முடிந்ததென்று எண்ணி, டாக்டர் போடச் சொன்ன ‘கேப்’ என்னும் பல்மூடியை அறுவடைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டுவிடுகிறார்கள். பிறகு ஒரு நாள் முறுக்கையோ கடலைமிட்டாயையோ கடிக்கும்போது அந்தப் பல் வேர்வரை பிளந்துவிடுமாயின், செய்த செலவெல்லாம் வீணாகி, பல்லைப் பிடுங்குவதன்றி வேறு மார்க்கம் இல்லாமற் போகும். ஆகையால் அடைப்பு மட்டும் போதுமா, கேப் வேண்டுமா, வேருக்குள் போஸ்ட் என்னும் சிறு தண்டு வைக்க வேண்டுமா என்பதற்குப் பரிசோதனைச் சாலைகள் கூறும் விடையை அறிந்துகொள்வது பிரயோஜனமானது.

இவ்வகைப் பரிசோதனைகள் நம் நாட்டிலேயே ஏராளமாக நடைபெறுகின்றன. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குப் பல் மருத்துவ முதுநிலை மாணவர்கள் சமர்ப்பிக்கும் ஆய்வேடுகளில் இது அடிக்கடி காணப்படும் விஷயம். கம்பி கட்டிப் பல்வரிசையைச் சீர்செய்வதற்காகப் பிடுங்கப்பட்ட, சொத்தையில்லாத முன்கடைவாய்ப் பற்களைச் சேகரித்து, உலர்ந்துவிடாமல் பாதுகாத்து, வேர் சிகிச்சை செய்து, பலவிதமாகச் சீரமைத்து, வேரை எலும்போடு பிணைக்கும் நார்த்திசுவுக்குப் பதிலாக மெல்லிய சிலிக்கோன் பூச்சிட்டு, அக்ரிலிக் கட்டியில் பதித்து, அழுத்தும் இயந்திரத்தில் நிறுத்துகிறார்கள். எஃகு முனை நிமிஷத்துக்கு அரை அல்லது ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் இறங்க, திரையில் ஏறிக்கொண்டே போகும் கோடு, பல் உடைந்த கணத்தில் சட்டென்று சரிகிறது. அந்த உச்சமே பல்லின் தாங்கும் சக்தி. அது நியூட்டன் கணக்கில் குறிக்கப்படும். சுமார் 10 நியூட்டன் ஒரு கிலோ எடைக்குச் சமம்.

ஆயினும் அந்த எண்ணை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பது விவேகமன்று. எவ்வளவு பாரத்தில் உடைந்தது என்பதைவிட எங்கே உடைந்தது என்பதே நோயாளிக்கு முக்கியம். ஈறுக்கு மேலே உடைந்த பல்லை மறுபடியும் கட்டலாம், வேர் பிளந்த பல்லைப் பெரும்பாலும் காப்பாற்ற இயலாது.

அடைப்பு மட்டும்

1989-இல் ரீ, மெசர், டக்ளஸ் என்னும் ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவீடுகளின்படி, வேர் சிகிச்சைக்காகத் துளையிடுவதால் பல்லின் விறைப்பு 5 சதவீதமே குறைகிறது. இருபக்க விளிம்புகளையும் இழந்த பல்லிலோ அது 63 சதவீதம் வரை குறைந்துவிடுகிறது. பலவீனத்துக்குக் காரணம் சிகிச்சையல்ல, சொத்தை தின்றுவிட்டுப்போன சுவர்களே என்பது இதனால் விளங்கும். ஆகவே பெரிதும் சேதமுறாத முன்பல்லுக்கும், விளிம்புகள் முழுமையாக நிற்கும் சில கடைவாய்ப் பற்களுக்கும், கம்போசிட் அடைப்பே போதுமானதாகலாம்.

கேப்

மெல்லும்போது கடைவாய்ப் பல்லின் மேடுகள் ஒன்றைவிட்டொன்று விலகும்படி தள்ளப்படுவதால், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் மூடி அங்கே அவசியமாகிறது. 1984-இல் சோரென்சன், மார்ட்டினாஃப் இருவரும் 1,273 பற்களின் வரலாற்றை ஆராய்ந்து, மேல்மூடி கடைவாய்ப் பற்களுக்குப் பெரும் நன்மை தருவதையும், முன்பற்களுக்கு அத்தகைய நன்மை தராததையும் கண்டனர். சிர்கோனியாவா, உலோகத்தின் மேல் பீங்கானா என்ற விசாரம் இதற்கு அடுத்தபடியானதே. முறையாகச் செய்தால் இரண்டும் சாதாரணமாக மெல்லும் பாரத்தைத் தாங்குபவை.

போஸ்ட்

போஸ்ட் பல்லுக்குப் பலம் ஊட்டும் என்பது தவறான நம்பிக்கை. மேலே கட்டும் பகுதியைப் பற்றி நிறுத்துவது மட்டுமே அதன் வேலை. பல்லின் உட்பகுதியான டென்டினைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு விறைப்பான எஃகுப் போஸ்ட் பரிசோதனையில் பெரிய எண்ணைக் காட்டினும், உடையும் சமயத்தில் விறகில் இறங்கிய ஆப்பைப்போல வேரையே பிளந்துவிடக்கூடும். டென்டினுக்கு நெருங்கிய விறைப்புடைய ஃபைபர் போஸ்ட் சிறிய எண்ணில் தோற்றாலும், பெரும்பாலும் மேலேயே கழன்று வேரை விட்டுவைக்கிறது. எந்தப் போஸ்ட்டாயினும், ஈறுக்கு மேல் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சொந்தப் பல் நின்று, கேப் அதைத் தழுவிப் பிடித்தால்தான் நீடிக்கும்.

ஒரே அழுத்தத்தில் உடைப்பது வாயின் இயல்பன்று என்பதையும் மறத்தலாகாது. அதனால்தான் நல்ல ஆய்வுகளில் பற்களை 5 டிகிரி, 55 டிகிரி நீரில் மாற்றி மாற்றி அமிழ்த்தியும், லட்சக்கணக்கான தடவை மெல்லிய பாரத்தால் தட்டியும் களைக்கவைத்த பிறகே உடைக்கிறார்கள். அவ்வாறு களைக்கவைக்காத சோதனையின் எண்ணை விளம்பரத்தில் கண்டால், பாதி நம்பிக்கையே வைக்கவேண்டும்.

ஆகவே டாக்டரிடம் முதலில் கேட்கத்தக்கது கேப்பின் விலையன்று; எத்தனை சுவர்கள் மிஞ்சியுள்ளன, ஈறுக்கு மேல் எவ்வளவு பல் இருக்கிறது என்பதே. சுவர்கள் போதியவையாயின் போஸ்ட்டைத் தவிர்க்கலாம். சுவரிழந்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப்பைத் தவிர்க்கலாகாது. கைப்பணம் குறைவாயின் உலோகக் கேப்பாவது போட்டுக்கொண்டு, அதுவரை மறுபக்கத்தில் மெல்லுவதே உத்தமம். பற்றிக்கொள்ளச் சொந்தப் பல்லே மிஞ்சாதபோது, விலையுயர்ந்த போஸ்ட்டில் பணத்தை இறக்குமுன், அந்தப் பல்லைக் காப்பாற்றுவது தகுமா என்பதையே மனம்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது.