அடுத்த வீட்டு வானொலியும் நம் வீட்டு இணையமும்

மாலை ஏழரை மணி. மறுநாள் பள்ளியில் ஒப்படைக்க வேண்டிய கட்டுரையை இணையத்தில் அனுப்பிக் கொண்டிருக்கிறீர்கள். பாதியில் தொடர்பு அறுந்து விடுகிறது. மோடத்தின் விளக்கு மினுக் மினுக்கென்று கண் சிமிட்டுகிறது. ஓரிரு நிமிடங்களில் தொடர்பு திரும்புகிறது, மறுபடியும் போய்விடுகிறது. சலிப்புடன் ஜன்னல் வழியே பார்க்கிறீர்கள். அடுத்த வீட்டு மாமாவின் மொட்டை மாடியில் நீளமாக ஒரு கம்பி கட்டியிருக்கிறது. அவர் ஓர் அமெச்சூர் வானொலியாளர். "எல்லாம் அவரால்தான்!" என்று அப்பாவிடம் சொல்ல எழுந்து விட்டீர்கள்.

சற்றுப் பொறுங்கள். அறிவியல் படிக்கும் நீங்கள் சான்று இல்லாமல் ஒருவர் மீது பழி சுமத்தலாமா?

முதலில் சான்று

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு வார காலம், இணையம் அறுந்த ஒவ்வொரு முறையும் நாள், மணி, நிமிடம் மூன்றையும் எழுதி வையுங்கள். பிறகு மாமாவிடம் சென்று, அவர் எந்தெந்த நேரங்களில் பேசினார் என்று கேளுங்கள். பெரும்பாலான அமெச்சூர் வானொலியாளர்கள் தாம் செய்த தொடர்புகளைக் குறிப்பேட்டில் பதிவு செய்வார்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு! அவர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தையே எழுதுவார்கள். அத்துடன் 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டினால்தான் இந்திய நேரம் கிடைக்கும். அவருடைய குறிப்பேட்டில் 14.05 என்றிருந்தால் நம் கடிகாரத்தில் அது மாலை 7.35.

இரண்டு பட்டியல்களையும் ஒப்பிடுங்கள். பொருந்தும் நேரங்களை மட்டும் எண்ணினால் போதாது. அவர் பேசாதபோதும் தொடர்பு அறுந்திருந்தால் காரணம் வேறு: துருப்பிடித்த இணைப்பாக இருக்கலாம், பழுதான மோடமாகவும் இருக்கலாம். ஐயம் தீர ஒரு சோதனை செய்யலாம். அவர் ஒரு நிமிடம் அலை பரப்பட்டும், ஒரு நிமிடம் நிறுத்தட்டும். நீங்கள் மோடத்தைக் கவனியுங்கள். பத்து முறை செய்து பத்திலும் ஒத்து வந்தால் அது தற்செயல் அல்ல.

கம்பி ஏரியல் ஆகும் விதம்

தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வரும் வீட்டை எடுத்துக் கொள்வோம். அந்தக் கம்பியில் குரலுடன், அதைவிட மிக உயர்ந்த அதிர்வெண்களில் இணையச் செய்தியும் ஓடுகிறது. ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் என்ற முறையில் இது 2.2 மெகா ஹெர்ட்ஸ் வரை செல்லும். வி.டி.எஸ்.எல். 2 என்ற வேகமான முறையின் ஒரு வகையில் சுமார் 17.6 மெகா ஹெர்ட்ஸ் வரை எட்டும். அமெச்சூர் வானொலிக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் சில 3.5, 7, 14 மெகா ஹெர்ட்ஸை ஒட்டியவை. இரண்டும் ஒரே பாதையில் மோதிக் கொள்வது தெரிகிறதல்லவா?

அலைநீளத்தைக் காண 300ஐ மெகா ஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் விடை மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகா ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 42 மீட்டர். அதில் கால் பங்கு பத்தரை மீட்டர். கால் அலைநீளக் கம்பி நல்ல ஏரியல் ஆகும். தெருக் கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் கம்பியின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கக் கூடும்!

தவிலும் கிசுகிசுப்பும்

எவ்வளவு வலிமையான அலை வந்து சேர்கிறது? இதற்கு எளிய வாய்பாடு ஒன்று உண்டு. திறனை வாட்டில் எழுதி 30ஆல் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, தூரத்தால் வகுக்க வேண்டும். 100 வாட் கருவி, 10 மீட்டர் தூரம் எனில் 3000இன் வர்க்கமூலம் சுமார் 55. பத்தால் வகுக்க 5.5. அதாவது மீட்டருக்கு ஐந்தரை வோல்ட். இது தோராய மதிப்பீடே. ஆனால் தொலைபேசி நிலையத்திலிருந்து நெடுந்தூரம் வந்த இணையச் செய்தியோ மிக நலிந்து போயிருக்கும். கல்யாண வீட்டில் தவில் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் காதோடு சொன்ன சேதி கேட்குமா? மோடத்தின் நிலையும் அதுவே. தவிலின் சுருதி வேறு, பேச்சின் சுருதி வேறு என்றாலும் காது திணறுகிறது. அதனால்தான் அலைவரிசை நேராக மோதாத ஏ.டி.எஸ்.எல். மோடமும் சில சமயம் தடுமாறுகிறது.

மோடம் இரைச்சலுக்குத் தக்கபடி தன்னைச் சரி செய்து கொள்ளக் கூடியதுதான். ஆனால் பேச்சோ மோர்ஸ் ஒலியோ திடீர் திடீரென்று வந்து மறையும்போது அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை.

இரட்டைக் கம்பியின் தந்திரம்

தொலைபேசிக் கம்பி ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகளால் ஆனது. வெளி அலை இரண்டிலும் ஏறக்குறையச் சமமாகவே மின்னோட்டத்தைத் தூண்டும். மோடம் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பார்க்கும். சமத்திலிருந்து சமத்தைக் கழித்தால் பூஜ்யம்! அப்படியானால் இடையூறு ஏன் வருகிறது? சமநிலை கெடுவதால்தான். முறுக்கில்லாத தட்டைக் கம்பி, இணையாக மாட்டிய பழைய தொலைபேசி, துருப்பிடித்த இணைப்பு ஆகியவை ஒரு கம்பியை மற்றதிலிருந்து வேறுபடுத்தி விடுகின்றன.

ஆகவே மருந்தும் அங்கேதான் தொடங்க வேண்டும். மோடத்தை, கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் இணைப்பிலேயே மாட்டிப் பாருங்கள். உபரிக் கம்பிகளைக் கழற்றுங்கள். துருப்பிடித்த இணைப்பைத் தொலைபேசிப் பணியாளரைக் கொண்டு மாற்றச் செய்யுங்கள்.

அடுத்து, ஃபெரைட் வளையம் ஒன்றில் அந்தக் கம்பியை எட்டுப் பத்துச் சுற்று சுற்றி, மோடத்துக்கு அருகில் வைக்கலாம். இணையச் செய்தி இரு கம்பிகளிலும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் அவற்றின் காந்தப் புலங்கள் ஒன்றையொன்று அழித்துக் கொள்ளும். செய்திக்குத் தடை இல்லை. வெளி அலையின் மின்னோட்டம் இரண்டிலும் ஒரே திசையில் ஓடுவதால் புலங்கள் கூடும், தடை பலமாகும். இத்தடை சுற்று எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது. மூன்று சுற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது மடங்கு! மோடத்துக்கு மின்சாரம் தரும் அடாப்டர் கம்பிக்கும், கணினிக்குச் செல்லும் கம்பிக்கும் இதே வைத்தியம் உதவும்.

கண்ணாடி இழை வழியே இணையம் வந்தால் இழை வானொலி அலையை வாங்காது. எனினும் அதன் பெட்டியோடு சேரும் செப்புக் கம்பிகள் வாங்கக் கூடும்.

ஓர் எச்சரிக்கை: மாமாவின் ஏரியலைத் தொடாதீர்கள், அலை பரப்பும்போது சுட்டுவிடும். அடாப்டரையோ மின் இணைப்பையோ திறக்காதீர்கள்.

மாமாவின் பங்கு

அவர் ஏரியலை 10 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்குத் தள்ளி வைத்தால் புல வலிமை பாதியாகும். அதே பலனைத் திறனைக் குறைத்துப் பெற வேண்டுமானால் 100 வாட்டை 25 வாட்டாக்க வேண்டும். வாய்பாட்டில் வர்க்கமூலம் இருப்பதால் வந்த விளைவு இது. ஆகவே இடமிருந்தால் ஏரியலை நகர்த்துவதே அவருக்கு இலாபம்.

அவருக்கும் ஒரு குறை இருக்கக் கூடும். நம் வீட்டு மலிவான அடாப்டரின் இரைச்சல், தொலைதூர நாட்டின் மெல்லிய குரலை அவர் கேட்கவிடாமல் செய்யலாம். கேட்டுப் பாருங்கள், இருந்தால் அடாப்டரை மாற்றுங்கள்.

அவர் செய்வது வெறும் பொழுதுபோக்கு அல்ல. தேர்வு எழுதி அரசின் உரிமம் பெற்ற பணி. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கித் தொலைபேசிகள் மௌனமானபோது, அங்குச் சென்றிருந்த பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் வானொலியாளரும் அவர் குழுவினரும் போர்ட் பிளேரிலிருந்து வானொலி மூலம் செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினார்கள். அந்த ஊரின் பெயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது. அப்படி ஒரு நாள் நம் ஊருக்கும் வந்தால், இணையம் அறுந்த வேளையில் மாமாவின் குரல் எட்டக் கூடும்.

எனவே சண்டைக்குப் போகாமல் நோட்டுப் புத்தகத்துடன் போங்கள். "மாமா, நேரங்களைக் குறித்து வைத்திருக்கிறேன், சேர்ந்து பார்ப்போமா?" என்று கேளுங்கள். அநேகமாக அவரே ஃபெரைட் வளையத்தை எடுத்துக் கொண்டு வருவார்!

செய்து பாருங்கள்

14.2 மெகா ஹெர்ட்ஸ் அலையின் கால் அலைநீளம் எவ்வளவு? உங்கள் வீட்டில் மோடத்தோடு சேரும் கம்பிகளை அளந்து, எது அதற்கு அருகில் வருகிறது என்று கண்டுபிடியுங்கள்.