துறைமுகத்து மீன் சொல்லும் சேதி

நெற்பயிர் மஞ்சளித்தால் மண்ணில் ஏதோ குறை என்று கமக்காரருக்குத் தெரியும். வயலை விட்டுக் கரையோரத்துக்கு வந்திருக்கும் குடும்பங்கள் தண்ணீரின் குறையையும் இவ்வாறே அறியலாம். அதைக் காட்டுவது மீன்.

அக்கரைப்பற்றுக்கு வடக்கே ஒலுவிலில் 2013இல் துறைமுகம் திறக்கப்பட்டது. அதற்காகக் காணி இழந்தவர்கள் உண்டு. அதன் வாயை மணல் அடைத்ததையும் கரையைக் கடல் அரித்ததையும் பற்றி அதிகம் பேசினோம். அணைக்குள் நிற்கும் நீரைப் பற்றிப் பேசியது குறைவு. எந்தத் துறைமுகத்திலும் அலைதடுப்பு அணைக்குள் நீரோட்டம் தளரும். படகுகளின் டீசலும் கழிவெண்ணெயும் மீன் கழிவும் அடிச்சேற்றில் தங்கும்.

எந்த மீனைப் பார்ப்பது? சூரையும் பாரையும் ஓடித்திரிபவை. அவற்றில் நஞ்சு இருந்தாலும் எந்த நீரில் பட்டது என்று சொல்ல முடியாது. ஒரே இடத்தில் சேற்றோடு கிடக்கும் உளுவை, கெளிறு போன்றவையே சரியான சாட்சிகள். விஞ்ஞானிகள் இத்தகைய மீனின் ஈரலையும் பித்தத்தையும் சோதிப்பர். எண்ணெயிலுள்ள நஞ்சை ஈரல் மாற்றிப் பித்தத்தின் வழியே வெளியேற்றுவதால், அண்மையில் பட்ட எண்ணெய் அங்கே தெரிந்துவிடும்.

நமக்குச் சோதனைச்சாலை இல்லை, கண் இருக்கிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து, வெயில் ஏறியதும் தெளிந்தால் அது பெரும்பாலும் பிராணவாயுக் குறைவு. இரவில் பாசியும் பிராணவாயுவை உட்கொள்வதே காரணம். இவ்வேளையில் பெரிய மீன்களே முதலில் சாகும். நேரகாலமின்றிச் சிறு மீன்கள் முந்திச் செத்து, மற்றவை நிலைதடுமாறிச் சுழன்றால் நஞ்சைச் சந்தேகிக்க வேண்டும். வயலுக்குக் கிருமிநாசினி அடித்தபின் மழை பெய்து, வாய்க்கால் நீர் களப்பில் விழும் நாட்களில் இப்படி நேரலாம். (அடித்தவர்கள் நாமாகவும் இருக்கலாம்.) அந்த மீனைப் பொறுக்கிக் கறியாக்க வேண்டாம், கருவாடும் போட வேண்டாம். உப்பும் நெருப்பும் நஞ்சை நீக்கா.

ஆனால் உயிரோடு துள்ளும் மீன் யாவும் நல்ல மீன் என்றும் எண்ணிவிடக்கூடாது. யப்பானில் மினமாட்டா குடாவில் ஓர் இரசாயன ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசம் கலந்த கழிவை விட்டது. மீன் தின்ற பூனைகள் துடித்துச் செத்தன. மனிதருக்கு வந்த நோய் 1956இலேயே அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. அதுவரை மக்கள் சமைத்த மீன் பார்வைக்கும் ருசிக்கும் குறையற்றதாகவே இருந்தது. பாதரசம் சிறு மீனிலிருந்து அதைத் தின்னும் பெரிய மீனுக்கு ஏறி ஏறிச் சேரும்.

மீன்கள் செத்து மிதந்தால் நாள், நேரம், மீனின் வகை, முந்திய நாள் மழை, அருகே நடந்த மருந்தடிப்பு ஆகியவற்றை எழுதி வையுங்கள். கையுறையோ பொலித்தீன் பையோ கையில் மாட்டி, அப்போதுதான் செத்த மீன்கள் சிலவற்றை எடுத்து ஐஸில் வைத்துக் கடற்றொழில் அலுவலரிடம் அன்றே சேர்ப்பியுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள். அழுகிய மீனைச் சோதித்து எதுவும் சொல்வது கடினம்.